பழைய பாஸ் போனபின்

கேள்வி, நவம்பர் 3, 2024 (ஒரு வாசகர்)

பாஸ், அதாவது அடிக்குரல், பாடிய ஏவி கேப்லன் விலகிய அன்றே, பக்கவாத்தியம் இல்லாமல் பாடும் அமெரிக்க ஐவர் குழுவான பென்டடோனிக்ஸ் முடிந்துவிட்டது. இப்போது ஓடுவது அதே போர்டு மாட்டிய வேறு கடை. மாட் சாலி நன்றாகப் பாடுகிறார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் ஓட்டையை அடைக்க வந்தவர். மறுக்க யாராவது உண்டா?

நவம்பர் 3, ஞாயிறு இரவு

நான் மறுக்கிறேன். இதில் எனக்குச் சொந்த லாபம் உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஆறு பேர் பாடும் ஒரு சின்னக் குழுவில் 2009 முதல் பாஸ் பாடுகிறேன். எனக்கு முன்னால் பாடியவர் வேலை கிடைத்து மஸ்கட் போனார், அந்த இடத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பதினைந்து வருடம் ஆகிறது. சிலருக்கு நான் இன்னும் ‘புது பாஸ்’.

கேப்லன் போனது சண்டையில் அல்ல. 2017 மே மாதம் அவரே வீடியோவில் சொன்னார்: இந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை, வீட்டு மனிதர்களைப் பார்க்க நேரமில்லை என்று. அக்டோபரில் சாலி வந்தார். வருடா வருடம் கிறிஸ்துமஸ் பாட்டில் பிழைக்கும் குழுவில் அக்டோபரில் போய்ச் சேர்வது எப்படி இருக்கும்? தீபாவளிக்கு முந்தின வாரம் தையற்கடையில் வேலைக்குச் சேர்ந்த மாதிரி இருக்கும்.

நவம்பர் 4

“ஐந்து பேரில் ஒருவர்தானே மாறினார், இருபது சதவீதம்” என்று ஒருவர் சமாதானம் சொல்லியிருக்கிறார். எனக்காகத்தான் பேசுகிறார், ஆனால் கணக்கு தப்பு.

அந்தக் குழுவின் பெயரே ஐந்து சுர அளவுகோலிலிருந்து வந்தது. நம் ஊரில் ஔடவ ராகம். மோகனத்தை எடுங்கள்: ச ரி க ப த. அந்தர காந்தாரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சாதாரண காந்தாரத்தை வையுங்கள். மற்ற நாலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, கிடைப்பது சிவரஞ்சனி. கல்யாண வீட்டிலிருந்து நேராக எழவு வீட்டுக்குப் போய்விட்டீர்கள். இது இருபது சதவீதமா?

எழுதி முடித்த பிறகுதான் பார்க்கிறேன், கேள்வி கேட்டவருக்கு நானே ஒரு கோல் போட்டுக் கொடுத்திருக்கிறேன். போகட்டும்.

நவம்பர் 6

முந்தாநாள் எழுதியதைத் திருத்த வேண்டும். காந்தாரம் மாறுவது மேலே பாடுகிறவர் மாறுவதற்குத்தான் பொருந்தும். பாஸ் மாறுவது அப்படி அல்ல. பக்கவாத்தியம் இல்லாமல் பாடும் குழுவில் காது தரையைத் தேடுவது பாஸிடம்தான். அவன் நிற்கிற இடத்தை வைத்துத்தான் மேலே இருக்கிற மூன்று நாலு குரல்களும் என்ன என்று காது முடிவு செய்கிறது.

ஆகவே சரியான உவமை கிரகபேதம். மோகனத்தின் சுரம் ஒன்றைக்கூடத் தொட வேண்டாம், ஷட்ஜத்தை மட்டும் நகர்த்துங்கள். ரிஷபத்தில் வைத்தால் மத்தியமாவதி. காந்தாரத்தில் வைத்தால் இந்தோளம். பஞ்சமத்தில் சுத்த சாவேரி, தைவதத்தில் சுத்த தன்யாசி. பாடுவது அதே ஐந்துதான்.

(பாட்டு வாத்தியாரிடம் ஆறு வருடம் போனவன் நான். குரல் உடைந்ததும் அவரே “கொஞ்ச நாள் கழிச்சு வாடா” என்றார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. கோயில் பாட்டு வகுப்பு கைவிட்டவனைச் சர்ச் கொயர் எடுத்துக்கொண்டது, அங்கே உடைந்த குரலுக்குத்தான் கிராக்கி.)

நவம்பர் 10

“உங்கள் கதையைச் சொல்லுங்கள், உவமை போதும்” என்று ஒரு குட்டு. நியாயம்தான்.

2009 செப்டம்பர். சனிக்கிழமை மாலை ப்ராக்டிஸ், வேப்பேரியில் ஒரு வீட்டு மாடி. போன முதல் நாளே மாஸ்டர் என் கையில் ஒரு ஃபைலைக் கொடுத்தார். பழைய பாஸ் அண்ணனின் காப்பிகள். எல்லாம் சோல்ஃபா எழுத்தில் (டோ ரே மி என்று சுரங்களை எழுத்தால் குறிப்பது) இருக்கும் ஜெராக்ஸ், அதன் மேல் பென்சில். மூச்சு எடுக்கும் இடத்தில் ஒரு டிக், எடுக்கக் கூடாத இடத்தில் வளைகோடு. ஒரு பக்கத்தின் ஓரத்தில் “டெனரைப் பார்க்காதே, சிரிப்பு வரும்” என்று எழுதியிருந்தது (டெனர் என்றால் உயர்ந்த ஆண்குரல் பாடுகிறவர்). பதினான்காம் பக்கத்தில் மூன்று வரிக்கு மூச்சே இல்லை, ஒரே நீள வளைகோடு.

அந்த ஃபைலை வேதம் மாதிரி வைத்துக்கொண்டேன். அவர் பாடிய பழைய கேசட் ஒன்று கிடைத்தது, அதைப் போட்டுப் போட்டுக் கேட்டேன். அவர் குரல் அடித்தொண்டையில் கொஞ்சம் மணல் கலந்த குரல். என்னுடையது அப்படி இல்லை, வழவழவென்று இருக்கும். நானும் தொண்டையை இறுக்கி மணல் வரவழைத்தேன். வீட்டில் சளி பிடித்திருக்கிறது என்று நினைத்துக் கஷாயம் போட்டுக் கொடுத்தார்கள்.

அந்த டிசம்பரில் முதல் நிகழ்ச்சி. பதினான்காம் பக்கம் வந்தது. அண்ணனின் வளைகோட்டை மதித்து மூச்சே எடுக்காமல் போனேன். மூன்றாவது வரியின் நடுவில் காற்று தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் மூச்சு எடுத்தேன், அதே நொடியில் டெனரும் எடுத்தார். அவர் வருடக்கணக்காக அந்த இடத்தில்தான் எடுக்கிறவர், பாஸ் தாங்கிப் பிடிப்பார் என்ற தைரியத்தில். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் காணாமல் போனதில் பாட்டில் ஒரு பள்ளம். நம் தெருவில் மெட்ரோ தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டினால் விழுமே, அந்த மாதிரிப் பள்ளம். பெண்கள் நாலு பேரும் அந்தரத்தில் தொங்கினார்கள். முடிக்கும்போது தொடங்கிய சுருதியிலிருந்து அரை சுரம் இறங்கியிருந்தோம்.

பழி யார் மேல் வந்தது என்று கேட்கவே வேண்டாம்.

நவம்பர் 10, இன்னும் கொஞ்சம் நேரம் கழித்து

சொல்ல விட்டது. அதற்கு அடுத்த சனிக்கிழமை மாஸ்டர் ஆறு பென்சிலும் ஆறு ரப்பரும் வாங்கி வந்தார். எனக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும். “அவன் மூச்சு வேற, இவன் மூச்சு வேற. எல்லாரும் அழிங்க” என்றார். டெனர் அழிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

புதிதாக வந்தவன் பழையவர்களுக்கு ஏற்ப மாற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பழைய ஐந்து பேரும் மாற வேண்டும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சண்டையெல்லாம் அதில்தான்.

நவம்பர் 13

இல்லை, கஷாயத்தால் குரல் இறங்காது. கேட்டவர் மூன்று பேர். மூன்று பேருக்கும் ஒரே பதில்.

நவம்பர் 17

அசல் ஆட்கள் இல்லாவிட்டால் அது அசல் குழு இல்லை என்ற வாதத்துக்கு வருகிறேன்.

இங்கிலாந்தின் கிங்ஸ் சிங்கர்ஸ் 1968இல் தொடங்கியது. ஆறு ஆண்கள்: இரண்டு கவுண்டர் டெனர் (பெண்குரல் உயரத்தில் பாடும் ஆண்), ஒரு டெனர், இரண்டு பாரிடோன் (நடுத்தர ஆண்குரல்), ஒரு பாஸ். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் பாடிய பையன்கள் ஆரம்பித்தது. அந்த ஆறு பேரில் ஒருவர்கூட இன்று குழுவில் இல்லை. டேவிட் ஹர்லி என்ற கவுண்டர் டெனர் 26 வருடம் பாடிவிட்டு 2016இல் விலகினார், அவரே முதல் அறுவரில் ஒருவர் அல்ல, பின்னால் வந்து சேர்ந்தவர். ஆனால் கண்ணை மூடிக் கேட்டால் அது கிங்ஸ் சிங்கர்ஸ்தான். ஏன் என்றால் கூண்டோடு மாறவில்லை. ஒருவர் போவார், ஒருவர் வருவார், சுற்றி மற்றவர்கள் இருப்பார்கள். வந்தவர் பழையவர் ஆனபிறகு அடுத்தவர் வருவார்.

அவ்வளவு தூரம் போவானேன். நம் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893இல் ஆரம்பித்த கொயர். 1893இல் பாடியவர் யாராவது இப்போது பாடினால்தான் நமக்குப் பயம் வர வேண்டும்.

கர்நாடக சங்கீதத்தில் இந்த வழக்கமே இல்லை என்பது இன்னொரு வேடிக்கை. ஜோடியில் ஒருவர் போய்விட்டால் இடத்தை யாரும் நிரப்புவதில்லை. பம்பாய் சகோதரிகளில் லலிதா 2023 ஜனவரியில் காலமானார். சரோஜாவுக்குப் பக்கத்தில் வேறொருவரை உட்காரவைத்து ‘பம்பாய் சகோதரிகள்’ என்று சபாவில் போர்டு வைத்தால் நாமே எழுந்து போய்விடுவோம். உடன்பிறப்பை மாற்ற முடியாதே.

நவம்பர் 18

காலையிலேயே மாட்டிக்கொண்டேன். “அப்படியானால் ஆலத்தூர் சகோதரர்கள்?” என்று ஒரு மாமா எழுதியிருக்கிறார். ஆமாம். சீனிவாச ஐயரும் சிவசுப்பிரமணிய ஐயரும் உடன்பிறந்தவர்கள் அல்ல. ஒருவர் குருவின் மகன், மற்றவர் அதே குருவிடம் சிஷ்யர். சேர்ந்து பாடிப் பாடி ஊர் சகோதரர் ஆக்கியது.

ஆக ரத்தம் காரணம் இல்லை. நேற்று சொன்னதை இப்படி மாற்றிக்கொள்கிறேன்: ஜோடிக் கச்சேரியில் இருவரும் பாடுவது ஒரே பாட்டு, ஒரே வரி. தனித்தனி நாற்காலி என்று ஒன்று இல்லை. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் கற்பனையை எடுக்கிறார், அது அந்த மனிதரின் மனோதர்மம். அதை எழுதி ஃபைலில் போட்டு அடுத்தவரிடம் கொடுக்க முடியாது. நாலு பார்ட் பாடும் குழுவில் பாஸ் பார்ட் என்று காகிதத்தில் ஒன்று இருக்கிறது. ஆள் எழுந்து போனாலும் நாற்காலி இருக்கும்.

மாமாவுக்கு நன்றி. இனி சங்கீதத்தில் உவமை தேடும்போது அவரிடம் காட்டிவிட்டுத்தான் போடுவேன்.

நவம்பர் 24

“மாற்று ஆள் வந்து பெரிதாக எதையும் சாதித்த குழு ஒன்றைக் காட்டுங்கள்.”

ஒன்று என்ன, இரண்டு காட்டுகிறேன். மன்ஹாட்டன் டிரான்ஸ்ஃபர் என்ற அமெரிக்கப் பாட்டுக் குழு: 1978 கடைசியில் அதில் பாடிய லாரல் மாஸே கார் விபத்தில் மோசமாக அடிபட்டார். 1979இல் ஷெரில் பென்டைன் வந்தார். அவர் சேர்ந்த முதல் ஆல்பத்திலேயே ‘பேர்ட்லேண்ட்’ இருக்கிறது, கிராமி வாங்கிய பாட்டு.

இரண்டாவது டெம்ப்டேஷன்ஸ், அதுவும் அமெரிக்கப் பாட்டுக் குழுதான். இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1968இல் டேவிட் ரஃபினைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். அந்த இடத்துக்கு டென்னிஸ் எட்வர்ட்ஸ். ரஃபின் வீட்டில் உட்காரவில்லை. குழு பாடும் இடத்துக்கு வருவார், பாட்டு நடக்கும்போது மேடையில் ஏறுவார், எட்வர்ட்ஸ் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கித் தானே பாடுவார். கூட்டம் கைதட்டும்! எட்வர்ட்ஸ் என்ன செய்திருப்பார், கையை எங்கே வைத்துக்கொண்டு நின்றிருப்பார் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அதே எட்வர்ட்ஸ் முன்னின்று பாடிய முதல் தனி வெளியீடுதான் 1969இல் மோடவுன் இசைத்தட்டுக் கம்பெனிக்கே முதல் கிராமியைக் கொண்டுவந்தது.

கேள்வி கேட்டவருக்கும் ஒரு நியாயம் செய்துவிடுகிறேன். பென்டடோனிக்ஸின் மூன்று கிராமியும் கேப்லன் பாடியவற்றுக்குக் கிடைத்தவை. இதை அவரே எடுத்துப் போடுவார் என்று காத்திருந்தேன், போடவில்லை.

நவம்பர் 30

புயல். ப்ராக்டிஸ் ரத்து. விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள், நாங்கள் எம்மாத்திரம். வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் கேரல் பாடும் டிசம்பர் ரவுண்ட்ஸுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. மின்சாரம் போவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வீட்டில் அடைபட்டுக் கிடந்ததில் கேப்லன் காலத்து டாஃப்ட் பங்க் (பிரெஞ்சு இசை இரட்டையர்) பாட்டுக் கதம்பத்தையும் சாலி வந்தபின் வந்த கிறிஸ்துமஸ் ஆல்பங்களையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். இந்தத் தடவை பாஸைக் கேட்கவில்லை. கெவின் ஒலுசோலாவைக் கேட்டேன். வாயாலேயே டிரம்ஸ் வாசிக்கிறவர் அவர். பாஸும் அவரும்தான் அந்தக் குழுவின் மிருதங்கமும் கடமும். பாஸ் ஒரு சுரத்தை எந்த மெய்யெழுத்தில் தொடங்குகிறான் என்பதில்தான் அந்த அடி விழுகிறது: “டும்” என்றா, “பும்” என்றா, “ஜொ” என்றா. கேப்லனின் தொடக்கம் மெதுவாகத் திறக்கும், பின்னால் ஒரு அதிர்வு நிற்கும். சாலி சட்டென்று வந்து நிற்கிறார். என் காதுக்குப் படுவது, ஒலுசோலாவின் அடியும் முன்னைவிட இறுக்கமாகிவிட்டது. ஆறு வருடம் ஒரே தோளில் சாய்ந்திருந்தவர், தோள் மாறியதும் உட்காரும் விதத்தையே மாற்றியிருக்கிறார். மாட் சாலியைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள். பென்சிலும் ரப்பரும் எடுத்தவர் ஒலுசோலா.

இந்த இடத்தில் என் உவமையை மூன்றாம் முறையாக வாபஸ் வாங்குகிறேன். சாலி பாடுவது அதே சுரங்கள். ஷட்ஜம் எங்கும் நகரவில்லை, கிரகபேதமும் இல்லை. தம்புராவின் குதிரை மேல் தந்திக்கு அடியில் ஒரு ஜீவா நூல் வைப்பார்களே, அதை நூலளவு நகர்த்தினால் என்ன ஆகும்? சுருதி மாறாது. நாதம் மாறும். பாடுகிறவர் காதுக்கு எல்லாமே வேறாகிவிடும். அதுதான் இது. மாமா, சரிதானே?

டிசம்பர் 1

மாமா “சரி” என்று ஒரே வார்த்தையில் எழுதியிருக்கிறார். பிரிண்ட் எடுத்து மாட்டப்போகிறேன்.

டிசம்பர் 8

டெனரைப் பற்றி நவம்பர் 10இல் எழுதியது அவர் கண்ணில் பட்டுவிட்டது. நேற்று ப்ராக்டிஸில் ஃபோனை என் முன்னால் நீட்டி, “ரெண்டு மாசமா? மூணு வாரம்தான்டா பேசல” என்றார். பக்கத்திலிருந்த ஆல்டோ (தாழ்ந்த பெண்குரல் பாடுகிறவர்) “இல்ல, பொங்கல் வரைக்கும் பேசல” என்றார். சரி, பொங்கல் வரை என்று திருத்திக்கொள்ளுங்கள்.

அவர் சொன்ன இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இது எனக்குப் பதினைந்து வருடமாகத் தெரியாது. அன்று ரப்பரை எடுக்காததற்குக் காரணம் கோபம் இல்லையாம். பழைய அண்ணன் ஒரு வருடத்தில் திரும்பி வந்துவிடுவேன் என்று சொல்லிப் போயிருக்கிறார். இவர் அதை நம்பியிருக்கிறார். “அழிச்சிட்டா அவன் வந்து எங்க நிப்பான்?” என்றார்.

நான் என்ன பதில் சொல்வது. டீயைக் குடித்தேன்.

கேப்லன் போனபோது மற்ற நாலு பேருக்கும் இப்படி ஏதாவது இருந்திருக்கும். அவர் பிறகு தனியாக நாட்டுப்புற வகைப் பாட்டுகள் பாடப் போனார், அவையும் எனக்குப் பிடிக்கும். அங்கே அவருக்கு ஓடவேண்டியது இல்லை, குரலை ஆற அமர விரிக்கிறார். கேள்வி கேட்டவர் அவற்றைக் கேட்டிருக்கிறாரா?

டிசம்பர் 11

கேட்டிருக்கிறாராம். “நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் சுற்றி அந்த நாலு பேர் இல்லையே” என்கிறார். அதைத்தான் ஐயா ஒரு மாதமாக நான் வேறு பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 23, அதிகாலை

கேரல் ரவுண்ட்ஸ் முடிந்து இப்போதுதான் வந்தேன். பெரம்பூர், அயனாவரம், வில்லிவாக்கம், பதினோரு வீடு. ஏழு வீட்டில் கேக், மூன்றில் முறுக்கு, ஒரு வீட்டில் நாய். தொண்டை போய்விட்டது, தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பழைய அண்ணன் வந்திருந்தார். மஸ்கட்டிலிருந்து விடுமுறை. வேனில் ஏறும்போதே “நீதானா அந்தப் புது பாஸ்?” என்றார். எனக்கு நாற்பத்தெட்டு வயது.

எட்வர்ட்ஸை நினைத்துக்கொண்டுதான் முதல் வீட்டில் நின்றேன். அவர் மைக்கைப் பிடுங்கவில்லை, மைக்கே கிடையாது. என் தோளுக்குப் பின்னால் நின்று மெல்ல முனகினார். மூன்றாவது வீட்டில் முனகல் பாட்டாகிவிட்டது. அந்த மணல் அப்படியே இருக்கிறது, கேசட்டில் கேட்டது பாதிதான். என் காலடியில் தரை இன்னும் ஒரு அடி கீழே போன மாதிரி இருந்தது, ஆனால் விழவில்லை.

பதினான்காம் பக்கம் அயனாவரத்தில் வந்தது. எனக்கு என் மூச்சு, அவருக்கு அவர் வளைகோடு. டெனர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எந்த பாஸை நம்பி மூச்சு எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் எடுக்கவே இல்லை. முகம் தக்காளி மாதிரி ஆகிவிட்டது. முடிந்ததும் மாஸ்டர் சுருதி பார்க்கும் பிட்ச் பைப்பை ஊதிப் பார்த்தார். இறங்கவில்லை.

அண்ணன் வார்த்தை மறந்துவிட்டதாகச் சொல்லி என் ஃபைலை வாங்கிப் புரட்டினார். தன் டிக்குகள் அழிந்து வேறு டிக்குகள் இருப்பதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. “டெனரைப் பார்க்காதே” என்ற வரியை மட்டும் நான் அழிக்கவில்லை. அதைக் காட்டிச் சிரித்தார், அவரைப் பார்த்து டெனர் சிரித்தார், அதோடு அந்த வீட்டுப் பாட்டு போயிற்று.

டிசம்பர் 23, மாலை

அவசரம். ஃபைல் அண்ணன் கையோடு போய்விட்டது, அவர் நாளைக் காலையே நாகர்கோவில் கிளம்புகிறார். நாளை இரவு ஆராதனையில் அதே பாட்டுகள். மற்றதெல்லாம் மனப்பாடம், பதினான்காம் பக்கம் மட்டும் காகிதம் இல்லாமல் வராது. சென்னைக் கொயர்க்காரர்கள் யாரிடமாவது பழைய சோல்ஃபா கேரல் ஜெராக்ஸ் இருந்தால், மூன்று வரிக்கு மூச்சே இல்லாத அந்தப் பாஸ் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். டிக் எல்லாம் நானே போட்டுக்கொள்கிறேன்.